ரிங்கிலிருந்து திரைக்கு: ரித்திகா சிங் 'மதி' ஆனது எப்படி? நிஜ வீராங்கனைக்கு சினிமா என்ன கொடுத்தது?

'இறுதிச்சுற்று' படத்தில் மீன் விற்கும் மதியைப் பார்த்தவர்கள் அந்தப் பெண் வட சென்னையைச் சேர்ந்தவர் என்றே நினைத்தார்கள். அவர் மும்பைக்காரர், தமிழ் அவருடைய தாய்மொழி கிடையாது. அதுவரை சினிமாவில் கதாநாயகியாக நடித்ததும் இல்லை. ஆனால் சண்டை அவருக்குப் புதுசில்லை. சின்ன வயதிலிருந்தே கிக்பாக்ஸிங் கற்றவர், இந்தியாவுக்காக சர்வதேசப் போட்டியில் இறங்கியவர்.

பாக்ஸிங் படம் என்றால் நடிகருக்கு ஆறு மாதம், ஒரு வருடம் பயிற்சி கொடுத்து பாக்ஸர் ஆக்குவதுதான் வழக்கம். இங்கே ரிங்கில் நின்ற ஒருவருக்கு நடிப்பைச் சொல்லிக்கொடுத்தார்கள். அந்த முடிவு ஏன் வேலை செய்தது? அதற்குப் பிறகு ரித்திகாவுக்கு என்ன ஆனது? இதே பாதையில் அவருக்கு முன்னால் போனவர்கள் யார்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

யார் இந்த ரித்திகா சிங்?

முழுப் பெயர் ரித்திகா மோகன் சிங். மும்பையில் வளர்ந்தவர். அவருடைய முதல் பயிற்சியாளர் அப்பா மோகன் சிங்தான். மற்ற பிள்ளைகள் பள்ளி முடிந்து டியூஷன் போகும் வயதில் இவர் கிக்பாக்ஸிங்கும் கலப்புத் தற்காப்புக் கலையும், அதாவது எம்.எம்.ஏ.வும், கற்றுக்கொண்டிருந்தார்.

2009-ல் வியட்நாமின் ஹனோய் நகரை மையமாக வைத்து நடந்த ஆசிய உள்ளரங்க விளையாட்டுப் போட்டியில் இந்திய கிக்பாக்ஸிங் அணியில் இடம்பெற்றார். அப்போது அவர் பள்ளி மாணவி.

அடுத்து வந்தது சூப்பர் ஃபைட் லீக். தொழிலதிபர் ராஜ் குந்த்ராவும் நடிகர் சஞ்சய் தத்தும் சேர்ந்து 2012-ல் தொடங்கிய எம்.எம்.ஏ. போட்டித் தொடர் இது. கூண்டுக்குள் நடக்கும் சண்டையை இந்தியத் தொலைக்காட்சி ரசிகர்களுக்கு அறிமுகப்படுத்தும் முயற்சி. ரித்திகா இதிலும் களமிறங்கினார். இந்தத் தொடரின் விளம்பரத்தில்தான் இயக்குநர் சுதா கொங்கரா அவரை முதலில் கவனித்தார். லீக் நிர்வாகம் மூலமாகத் தொடர்பு கொண்டு, ஆடிஷனுக்கு அழைத்தார்.

கிக்பாக்ஸிங், பாக்ஸிங்: இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. இங்கேதான் நிறைய பேருக்குக் குழப்பம் வருகிறது.

பாக்ஸிங்கில் கையுறை அணிந்த முஷ்டி மட்டும்தான் ஆயுதம். இடுப்புக்குக் கீழே அடிக்கக் கூடாது, பின்னந்தலையில் அடிக்கக் கூடாது. கிக்பாக்ஸிங்கில் காலும் சேர்ந்துகொள்கிறது. எம்.எம்.ஏ. இன்னும் ஒரு படி மேலே: அடி, உதை, மல்யுத்தப் பிடி, தரையில் விழுந்த பிறகும் தொடரும் போராட்டம் எல்லாம் உண்டு.

விதி மாறினால் உடம்பு நிற்கும் விதமும் மாறும். கிக்பாக்ஸர் கொஞ்சம் நிமிர்ந்து நிற்பார். எதிராளியின் காலைத் தடுக்க எந்த நொடியிலும் தன் காலைத் தூக்க வேண்டியிருக்கும். பாக்ஸர் உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, எடையைக் கீழே இறக்கி நிற்பார். தலையைக் குனிந்து அடியை நழுவவிடுவது பாக்ஸிங்கின் அடிப்படைப் பாடம். கிக்பாக்ஸிங்கில் அப்படிக் குனிந்தால் முகத்துக்கு நேராக ஒரு உதை வரலாம்.

அதனால் ஒரு கிக்பாக்ஸர் பாக்ஸராக மாற, புதிதாகச் சிலதைக் கற்க வேண்டும், பழகியதில் சிலதை மறக்கவும் வேண்டும். கற்றுக்கொள்வதைவிட மறப்பது கஷ்டம் என்று எந்தப் பயிற்சியாளரைக் கேட்டாலும் சொல்வார்.

வேறு ஒரு வித்தியாசமும் உண்டு, அது ஒரு வீராங்கனையின் வாழ்க்கையைத் தீர்மானிக்கக் கூடியது. பெண்கள் பாக்ஸிங் 2012 லண்டன் ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்டது. 51, 60, 75 கிலோ என்று மூன்றே எடைப் பிரிவுகள். அந்த 51 கிலோவில்தான் மேரி கோம் வெண்கலம் வென்றார். கிக்பாக்ஸிங் இன்றுவரை ஒலிம்பிக்கில் இல்லை. அதன் உலக அமைப்பான வாக்கோவுக்கு சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியின் முழு அங்கீகாரம் கிடைத்ததே 2021-ல்தான். ஒலிம்பிக் விளையாட்டு இல்லை என்றால் ஸ்பான்சர் குறைவு, செய்தி குறைவு, வேலைவாய்ப்பும் குறைவு. திறமை அதேதான், அதற்கான சந்தை மட்டும் சின்னது.

'இறுதிச்சுற்று' எப்படி உருவானது?

சுதா கொங்கராவின் முதல் தமிழ்ப் படம் 2010-ல் வந்த 'துரோகி'. அதற்குப் பிறகு அவர் எடுத்துக்கொண்ட களம் பெண்கள் பாக்ஸிங். ஆர். மாதவன் பயிற்சியாளராக நடிக்க, தமிழில் 'இறுதிச்சுற்று' என்றும் இந்தியில் 'சாலா கடூஸ்' என்றும் ஒரே நேரத்தில் படமானது. 2016 ஜனவரி 29-ல் இரண்டும் வெளியாகின.

கதை இதுதான். ஹரியானாவின் ஹிசாரில் இருந்து, சங்க அரசியலால் சென்னைக்குத் தூக்கியடிக்கப்படுகிறார் பயிற்சியாளர் பிரபு. அங்கே லக்ஸ் என்ற பெண் பாக்ஸிங் பயில்கிறார். விளையாட்டு ஒதுக்கீட்டில் போலீஸ் வேலை வாங்குவது அவருடைய கனவு. ஆனால் பிரபுவின் கண்ணில் படுவது லக்ஸ் இல்லை, அவருடைய தங்கை மதி. அக்கா தோற்ற கோபத்தில் நடுவர்களையே அடிக்கப் பாயும் முரட்டுப் பெண்.

படத்தில் வரும் சங்க அரசியல் வெறும் கற்பனை இல்லை. இந்திய பாக்ஸிங் நிர்வாகம் அப்போது நிஜமாகவே குழப்பத்தில் இருந்தது. நிர்வாகத் தேர்தல் முறைகேடு புகாரில் இந்திய அமெச்சூர் பாக்ஸிங் கூட்டமைப்பை உலக அமைப்பு 2012 டிசம்பரில் இடைநீக்கம் செய்தது. அதன்பிறகு வந்த 'பாக்ஸிங் இந்தியா' என்ற அமைப்பும் நீடிக்கவில்லை. 2016-ல் புதிய கூட்டமைப்பு அமையும்வரை வீரர்கள் நடுவில் மாட்டிக்கொண்டார்கள். 'இறுதிச்சுற்று' திரைக்கு வந்தது அந்த இடைவெளியில்தான்.

சண்டை தெரிந்தவர் நடிப்பது ஈஸியா?

அப்படித்தான் தோன்றும். உண்மையில் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது.

ரிங்கில் நல்ல அடி என்பது எதிராளி பார்க்காத அடி. தோள் அசையக் கூடாது, கண் காட்டிக்கொடுக்கக் கூடாது, கை போன வேகத்தில் திரும்பி முகத்தை மறைக்க வேண்டும். சினிமாவில் நல்ல அடி என்பது கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கும் தெரிகிற அடி. கை கொஞ்சம் அகலமாகச் சுழல வேண்டும். முஷ்டிக்கும் தாடைக்கும் நடுவே இருக்கும் இடைவெளி தெரியாதபடி கேமரா பின்னால் அல்லது பக்கவாட்டில் நிற்கும். அடி வாங்குபவர் சரியான நொடியில் தலையைத் திருப்பினால்தான் அது அடியாகத் தெரியும். பாதி சண்டையை நடிப்பவர் அவர்தான்.

இன்னொன்று: போட்டியில் மூன்று அல்லது நான்கு ரவுண்டு, அதோடு முடிந்தது. ஷூட்டிங்கில் ஒரே கூட்டு அடியை நாள் முழுக்கத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும், அதே வேகத்தில், அதே இடத்தில், அதே முகபாவத்துடன். அடியை நிறுத்தத் தெரியாத நிஜ சண்டைக்காரர் எதிரில் நிற்பவருக்கு ஆபத்து.

ரித்திகாவின் சவால் இதைவிடப் பெரியது. மதி ஆரம்பத்தில் பயிற்சி இல்லாதவள். கோபத்தில் கை போன போக்கில் வீசுபவள். அதாவது பல வருடம் கற்ற ஒழுங்கை மறைத்து, தெரியாதவளாக நடிக்க வேண்டும். பிறகு காட்சிக்குக் காட்சி அந்த ஒழுங்கு கொஞ்சம் கொஞ்சமாக உடம்பில் ஏறுவதையும் காட்ட வேண்டும். பயிற்சி பெற்ற நடிகைக்கு இது தலைகீழ் வேலை: அவர் இல்லாத திறமையை இருப்பதாகக் காட்டுவார், இவர் இருக்கும் திறமையை இல்லாததாகக் காட்டினார்.

இதோடு மொழி வேறு. வட சென்னைப் பெண்ணாக, தமிழிலும் இந்தியிலும் தனித்தனியாக ஒவ்வொரு காட்சி. படத்தில் நம்மைப் பிடித்து இழுப்பது சண்டை மட்டுமா? பயிற்சியாளரைச் சீண்டும் இடத்திலும், அவருக்காக அழும் இடத்திலும் அந்த முகம் பொய் சொல்லவில்லை. சண்டைக்காக எடுத்தவர் என்ற ஞாபகமே வராமல் போனதுதான் அந்த நடிப்பின் வெற்றி.

63-வது தேசிய திரைப்பட விருதுகளில் ரித்திகாவுக்குச் சிறப்புக் குறிப்பு கிடைத்தது. 2016-ல் வந்த படத்துக்கு 2015-க்கான விருது எப்படி? தேசிய விருதுக்குக் கணக்கு, தணிக்கைச் சான்றிதழின் தேதி. தியேட்டருக்கு வந்த தேதி இல்லை.

அதற்குப் பிறகு?

இங்கேதான் கதை சுவாரசியமாகிறது. முதல் படத்தில் தேசிய அளவில் பேசப்பட்ட ஒரு வீராங்கனையை சினிமா என்ன செய்யும்? எளிதான பதில்: திரும்பவும் ரிங்கில் ஏற்றும். அதுவும் நடந்தது. 'இறுதிச்சுற்று' தெலுங்கில் வெங்கடேஷ் நடிக்க 'குரு' என்று 2017-ல் வந்தபோது, அதே பாத்திரத்தை ரித்திகாவே செய்தார். ஒரே கதையில், மூன்று மொழியில், ஒரே நடிகை.

ஆனால் அவருடைய இரண்டாவது தமிழ்ப் படம் முற்றிலும் வேறு. எம். மணிகண்டன் இயக்கி 2016 செப்டம்பரில் வந்த 'ஆண்டவன் கட்டளை'. விஜய் சேதுபதி லண்டன் போக பாஸ்போர்ட் எடுக்கும்போது, இல்லாத மனைவிக்குக் கார்மேகக்குழலி என்று ஒரு பெயரைப் போட்டுவிடுகிறார். பிறகு அந்தப் பெயரை நீக்க அதே பெயருள்ள ஒரு தொலைக்காட்சி நிருபரைத் தேடிப் போகிறார். அந்த நிருபர்தான் ரித்திகா. ஒரு குத்துகூட இல்லாத வேடம். நிதானமாகப் பேசி, சந்தேகத்தோடு பார்த்து, மெல்ல நம்பத் தொடங்கும் ஒரு வேலைக்குப் போகும் பெண். மதியை மறக்க வைக்க அந்த ஒரு படம் போதும்.

2017-ல் பி. வாசு இயக்கத்தில் ராகவா லாரன்ஸுடன் 'சிவலிங்கா' வந்தது, இது பேய்ப் படம். பிறகு தெலுங்கில் 'நீவெவரோ'. 2020 பிப்ரவரி 14-ல் அஸ்வத் மாரிமுத்துவின் முதல் படம் 'ஓ மை கடவுளே'. சின்ன வயதுத் தோழனைக் கல்யாணம் செய்து, அந்தக் கல்யாணம் கசந்துபோகும் அனு பாத்திரம். இன்றைய ஐ.டி. தலைமுறைக்கு ரித்திகா என்றால் மதியைவிட அனுதான் முதலில் ஞாபகம் வரும்.

2023-ல் கடத்தப்பட்ட பெண்ணின் கதையைச் சொல்லும் 'இன்கார்', விஜய் ஆண்டனியுடன் 'கொலை', மலையாளத்தில் 'கிங் ஆஃப் கொத்தா'வில் ஒரு பாடல். 2024 அக்டோபரில் த.செ. ஞானவேல் இயக்கிய ரஜினிகாந்தின் 'வேட்டையன்' படத்தில் போலீஸ் அதிகாரி.

பட்டியலைக் கவனித்தால் ஒன்று புரியும். எட்டு, ஒன்பது வருடத்தில் படங்களின் எண்ணிக்கை அதிகமில்லை. பாத்திரங்கள் ஒன்றுபோல் இல்லை. அதே நேரம், மதி அளவுக்கு முழுப் படத்தையும் தோளில் தூக்கும் பாத்திரம் தமிழில் அவருக்கு மறுபடி எழுதப்படவில்லை. இது ரித்திகாவின் பிரச்சினை மட்டும் இல்லை. பெண்ணை மையமாக வைத்த கதைகள் குறைவாக இருக்கும் ஒரு தொழிலில், உடல்திறன் உள்ள பெண்ணுக்கான கதைகள் இன்னும் குறைவு. ஆண் நடிகருக்கு சண்டை தெரிந்தால் அவர் ஆக்‌ஷன் ஹீரோ. பெண்ணுக்குத் தெரிந்தால்? அதற்கு ஒரு பெயர்கூட நம்மிடம் சரியாக இல்லை.

இதே பாதையில் வேறு யார்?

உலக சினிமாவில் இதற்குப் பழைய உதாரணம் விக்டர் மெக்லாக்லென். 1886-ல் இங்கிலாந்தில் பிறந்தவர். கனடாவின் வின்னிபெக்கில் போலீஸ் வேலை பார்த்தபடியே மல்யுத்தமும் பாக்ஸிங்கும் செய்தவர். 1909 மார்ச் 10-ல் வான்கூவரில் ஜாக் ஜான்சனோடு ஆறு ரவுண்டு கண்காட்சிப் போட்டியில் மோதினார். உலக ஹெவிவெயிட் பட்டம் வென்ற முதல் கறுப்பினத்தவர் ஜான்சன். அந்தப் பட்டத்தை வென்று மூன்று மாதம்கூட ஆகவில்லை.

முதல் உலகப் போருக்குப் பிறகு மெக்லாக்லென் சினிமாவுக்கு வந்தார். முதல் படத்திலேயே பாக்ஸர் வேடம். பிறகு ஹாலிவுட்டுக்குப் போனார். 1935-ல் ஜான் ஃபோர்டு இயக்கிய 'தி இன்ஃபார்மர்' படத்தில், நண்பனையே காட்டிக்கொடுத்துவிட்டு குற்ற உணர்வில் உடையும் ஒரு முரட்டு ஆளாக நடித்து, சிறந்த நடிகருக்கான ஆஸ்கர் வாங்கினார். அந்த வருடம் அவரோடு போட்டியிட்டவர்களில் மூன்று பேர் 'மியூட்டினி ஆன் தி பவுண்ட்டி' என்ற ஒரே படத்தைச் சேர்ந்தவர்கள். இந்தியாவின் வடமேற்கு எல்லையைக் கதைக்களமாகக் கொண்ட 'கங்கா தீன்' படத்திலும் அவர் உண்டு. 1952-ல் 'தி க்வையட் மேன்' படத்துக்காகத் துணை நடிகர் பிரிவில் பரிந்துரை பெற்றார். அந்தப் படத்தின் நீண்ட கைச்சண்டை இன்றும் பேசப்படுகிறது.

பெண்களில் ரித்திகாவுக்கு நெருக்கமான உதாரணம் அமெரிக்காவின் ஜினா கரானோ. எம்.எம்.ஏ. வீராங்கனை. அவருடைய சண்டையைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு இயக்குநர் ஸ்டீவன் சோடர்பெர்க் அவரை மனதில் வைத்தே 'ஹேவயர்' படத்தை உருவாக்கினார். விளம்பரத்தில் பார்த்து ஆளைத் தேடிப் பிடித்த சுதாவின் கதையும் கிட்டத்தட்ட இதேதான்.

இந்தியாவில்? 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற விஜேந்தர் சிங் 2014-ல் 'ஃபக்லி' என்ற இந்திப் படத்தில் நடித்தார். படம் எடுபடவில்லை. 2015-ல் அவர் தொழில்முறை பாக்ஸிங்குக்குப் போய்விட்டார். பதக்கம் ஒருவரை கேமரா முன்னால் கொண்டுவந்து நிறுத்தும், அதற்குப் பிறகு எழுத்தும் இயக்கமும்தான் காப்பாற்ற வேண்டும்.

நடிகரை பாக்ஸர் ஆக்குவதா, பாக்ஸரை நடிகர் ஆக்குவதா?

இரண்டு வழிக்கும் நல்ல உதாரணங்கள் உண்டு. 2014-ல் 'மேரி கோம்' படத்தில் பிரியங்கா சோப்ரா நடித்தார். பயிற்சி எடுத்தார், படமும் ஓடியது. ஆனால் மணிப்பூர் பெண்ணின் கதைக்கு வடகிழக்கைச் சேர்ந்த ஒருவரைத் தேடியிருக்கக் கூடாதா என்ற விமர்சனமும் வந்தது. 2021-ல் பா. ரஞ்சித்தின் 'சார்பட்டா பரம்பரை'க்காக ஆர்யா உடம்பையே மாற்றிக்கொண்டார். ஜான் கொக்கேன், ஷபீர் என்று மற்றவர்களும் அப்படியே. வட சென்னையின் பாக்ஸிங் பரம்பரைகள் பற்றி புதிய தலைமுறை தேடிப் படித்ததே அந்தப் படத்துக்குப் பிறகுதான்.

நட்சத்திரம் இருந்தால் பணம் திரட்டுவது சுலபம், தியேட்டர் கிடைப்பதும் சுலபம். நிஜ வீரரை எடுத்தால் உடம்பின் உண்மை இலவசமாக வரும், மற்ற எல்லாவற்றையும் இயக்குநர் உருவாக்க வேண்டும். 'இறுதிச்சுற்று' இரண்டையும் கலந்தது. பயிற்சியாளராக மாதவன் என்ற தெரிந்த முகம், மாணவியாக யாருக்கும் தெரியாத நிஜ சண்டைக்காரர். மாதவனை நம்பி உள்ளே வந்தார்கள், ரித்திகாவைப் பற்றிப் பேசிக்கொண்டே வெளியே போனார்கள்.

இதிலிருந்து நமக்கு என்ன?

விளையாட்டு வீரர்களின் தொழில் வாழ்க்கை குறுகியது. நாம் முதல் புரமோஷனுக்குக் காத்திருக்கும் வயதில் அவர்கள் ஓய்வைப் பற்றி யோசிக்க வேண்டியிருக்கும். ஒலிம்பிக் விளையாட்டு என்றால் அரசு வேலை, பயிற்சியாளர் பணி என்று சில கதவுகளாவது திறக்கும். கிக்பாக்ஸிங் போன்றவற்றில் அதுவும் கஷ்டம். 'இறுதிச்சுற்று' கதையில் லக்ஸ் ஏன் பாக்ஸிங் செய்கிறாள்? பதக்கத்துக்காக இல்லை, ஒரு வேலைக்காக. அந்தப் பாத்திரத்தை நாம் மறந்துவிட்டு மதியை மட்டும் நினைவில் வைத்திருக்கிறோம். ஆனால் இந்தியாவில் பாக்ஸிங் கையுறை மாட்டும் பெண்களில் மதியைவிட லக்ஸ்தான் அதிகம்.

ரித்திகாவுக்கு ஒரு விளம்பரமும், அதைக் கவனித்த ஒரு இயக்குநரும் கிடைத்தார்கள். அது அதிர்ஷ்டம். அந்த வாய்ப்பு வந்த நாளில் அவர் தயாராக இருந்தது அதிர்ஷ்டம் இல்லை, அப்பா சொல்லிக்கொடுத்த பல வருடப் பயிற்சி. படத்தை மறுபடி பார்க்க நேர்ந்தால் மதியின் கால்களைக் கவனியுங்கள். ஆரம்பக் காட்சிகளில் அவை தரையில் தடுமாறும், கடைசிப் போட்டியில் தாளம் தப்பாமல் நகரும். அந்தத் தாளம் அவருக்கு ஏற்கனவே தெரிந்தது. அந்தத் தடுமாற்றத்தைத்தான் அவர் நடித்தார்.